மாவட்டம் வேண்டாம், தொகுதி என்றே எழுதுவோம்: அமெரிக்க மாநிலச் சட்டமன்றச் சொற்கள் பற்றி

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் சட்டமன்றச் சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று சென்ற கிழமை தொடங்கிய உரையாடல் இழைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் பதில் எழுதுகிறேன். அமெரிக்க மாநிலங்களில் சட்டமன்றத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் பிரிவை அங்கே 'டிஸ்ட்ரிக்ட்' என்கிறார்கள். அதைச் 'சட்டவாக்க மாவட்டம்' என்று எழுதலாம் என்றார் ரொறன்ரோ அண்ணை. 'சட்டமன்றத் தொகுதி என்ற சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?' என்று மதுரை நண்பர் கேட்டார். அண்ணையின் உழைப்பில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இந்த விடயத்தில் நான் மதுரைப் பக்கம்தான். என் காரணங்கள் இலங்கையின் வடக்கே உள்ள வன்னியிலிருந்து வருபவை. அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக்குடியிருப்பில் உயர்தர மாணவர்களுக்கு மாலை வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஐக்கிய அமெரிக்கப் பாடம் வரும்போது நானே எழுதிய குறிப்பில் 'கலிபோர்னியாவில் மேலவைக்கு 40 மாவட்டங்கள், கீழவைக்கு 80 மாவட்டங்கள்' என்று போட்டிருந்தேன். பிழையில்லாத தகவல்தான். ஒரு மாணவி எழுந்து, 'சேர், ஒரே மாநிலத்துக்குள்ள 40 மாவட்டமும் இருக்கு, 80 மாவட்டமும் இருக்கு எண்டால், கச்சேரி (மாவட்டச் செயலகம்) எத்தனை?' என்று கேட்டாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே கேள்விதான் இருந்தது.

அந்தப் பிள்ளை கேட்டது முழுக்கச் சரி. எங்கள் பக்கத்தில் மாவட்டம் என்றால் கச்சேரி. அரச அதிபர் இருப்பார். அவருக்குக் கீழே பிரதேச செயலகங்கள், அதற்குக் கீழே கிராம அலுவலர். காணி அனுமதிப்பத்திரம், நிவாரணம், வெள்ளம் வந்தால் சமைத்த உணவு, எல்லாம் அந்த வழியில் வரும். மாவட்டம் என்ற சொல்லுக்குள் ஒரு கட்டடமும் நூறு மேசையும் இருக்கின்றன. அமெரிக்காவில் நாம் பேசும் பிரிவுக்கு அப்படி எதுவும் கிடையாது. வாக்காளரைச் சுற்றிப் போட்ட ஒரு கோடு, அவ்வளவுதான். நிர்வாகம் அங்கே கவுண்டி என்ற நிர்வாகப் பிரிவிலும் நகரசபையிலும் நடக்கிறது. கவுண்டியை ஒருவர் 'மாவட்டம்' என்று மொழிபெயர்த்தால்கூட ஓரளவு ஒப்புக்கொள்வேன். இந்தக் கோட்டை அப்படி அழைக்க முடியாது.

அண்ணையின் வாதம், இலங்கையில் 'தேர்தல் மாவட்டம்' என்ற சட்டச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, அந்த வழியிலேயே போவோம் என்பது. உண்மைதான், இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் எங்களை எவ்வளவு குழப்புகிறது என்பதை வன்னியில் இருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். நாட்டில் நிர்வாக மாவட்டங்கள் 25. தேர்தல் மாவட்டங்கள் 22. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்ற மூன்று நிர்வாக மாவட்டங்களின் சேர்க்கை. கிளிநொச்சி அதில் இல்லை. பரந்தனிலும் முழங்காவிலிலும் இருப்பவர் தன்னை வன்னியான் என்றுதான் சொல்வார், ஆனால் பொதுத் தேர்தலில் அவருடைய வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் எண்ணப்படும். கிளிநொச்சி தனி நிர்வாக மாவட்டமானது 1984இல்தான். தேர்தல் மாவட்ட ஏற்பாடு அதற்கு முன்பே, 1978 அரசியலமைப்போடு வந்துவிட்டது.

இது போதாதென்று, 2013 செப்ரெம்பரில் வட மாகாண சபைத் தேர்தல் நடந்தபோது கணக்கு மறுபடி மாறியது. அங்கே நிர்வாக மாவட்டமே அலகு. யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் ஐந்து ஐந்து, கிளிநொச்சிக்கு 4. அதோடு வென்ற கட்சிக்கு மேலதிகமாக 2, மொத்தம் 38. ஆக ஒரே கிளிநொச்சி வாக்காளர் ஒரு தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தவர், இன்னொரு தேர்தலில் கிளிநொச்சி மாவட்டத்தவர். இரண்டு இடத்திலும் 'மாவட்டம்' என்ற ஒரே சொல்தான். மாணவருக்கு விளக்கும்போது ஒவ்வொரு முறையும் 'எந்த மாவட்டம்?' என்று அடைப்புக்குறி போட வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் இருக்கும் இந்தச் சிக்கலை அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்ய எனக்கு மனமில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இழையில் இன்னும் யாரும் தொடவில்லை.

எங்கள் முறையில் கோடு அசையாது, ஆசனம் அசையும். வன்னியின் எல்லை அப்படியே இருக்கிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் எல்லையும் அப்படியே இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. நாட்டின் வாக்காளரில் யாழ்ப்பாணத்தின் பங்கு குறைந்தபோது கோட்டைத் தொடாமல் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அமெரிக்க மாநிலங்களில் நேர்மாறு. பெரும்பாலும் ஆசனம் அசையாது, கோடு அசையும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை சனத்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும், ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு மக்கள் வரும்படி எல்லையைத் திரும்ப வரைகிறார்கள். போன முறை 12ஆம் பிரிவில் இருந்த தெரு இந்த முறை 14இல் இருக்கலாம். இப்படி இடம்பெயரும் ஒன்றை மாவட்டம் என்று சொன்னால் வாசிப்பவர் மனதில் நிலையான நிலம்தான் வரும். தொகுதி என்ற சொல்லின் வேர் 'தொகு'. ஆட்களைச் சேர்த்துக் கட்டியது என்று பொருள். கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டலாம். அந்த முறைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற சொல் அது.

1964இல் ரெய்னால்ட்ஸ் எதிர் சிம்ஸ் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளுமே சனத்தொகைப்படி வகுக்கப்பட வேண்டும் என்று தீர்த்தது. தலைமை நீதியரசர் ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பில் ஒரு வரி உண்டு: சட்டமன்ற உறுப்பினர்கள் பிரதிநிதித்துவம் செய்வது மக்களை, மரங்களையோ ஏக்கர்களையோ அல்ல.

இந்த வரியை வன்னியில் இருந்து வாசிக்கும்போது ஒரு கணம் நின்றுவிடுகிறேன். எங்களிடம் இருப்பது மரமும் ஏக்கரும்தானே. வட மாகாண நிலத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிறது. ஆட்கள் குறைவு, காடும் குளமும் அதிகம். இலங்கையின் பழைய சோல்பரி அரசியலமைப்பு 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு, 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்றும் சேர்த்தது. ஆள் குறைந்த பகுதிகளின் குரல் அடங்கிவிடக் கூடாது என்பதற்காக. இன்றைய அரசியலமைப்பிலும் தேர்தல் மாவட்டங்களில் இருந்து தெரிவாகும் 196 பேரில் 36 ஆசனங்கள் ஒன்பது மாகாணங்களுக்கும் நான்கு நான்காகச் சமமாகப் பிரிக்கப்படுகின்றன. மிச்சம் 160தான் வாக்காளர் எண்ணிக்கைப்படி. நிலத்துக்கும் இங்கே ஒரு சிறு கணக்கு உண்டு, அது எங்களுக்குத் தேவையான கணக்கு என்றே நினைக்கிறேன். ஆகவே எங்கள் 'தேர்தல் மாவட்டம்' அப்படியே இருக்கட்டும், நிலத்தையும் எண்ணும் முறைக்கு நில வாடை உள்ள சொல் பொருந்தும். ஆளை மட்டும் எண்ணும் அமெரிக்க முறைக்குத் தொகுதி. இரண்டு முறையும் வேறு என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

சரி, 'தொகுதி என்றால் ஒருவர்தானே தெரிவாவார்' என்ற தடைக்கு வருகிறேன். மட்டக்களப்பு அக்கா இதை எழுப்பியிருந்தார். அக்கா, உங்கள் ஊரே பதில் சொல்கிறது. 1977 தேர்தலில் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. பொத்துவிலும் அப்படியே. நுவரெலியா - மஸ்கெலியா மூன்று பேரைத் தெரிவு செய்தது. அன்றைக்கு யாரும் அவற்றைத் தொகுதி அல்ல என்று சொல்லவில்லை. 'பல அங்கத்தவர் தொகுதி' என்ற பெயரே புழக்கத்தில் இருந்தது. அமெரிக்காவிலும் இது வேண்டும். நியூ ஜேர்சியில் 40 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் மேலவைக்கு ஒருவர், கீழவைக்கு இருவர். அரிசோனாவில் 30 தொகுதிகள், அதே கணக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் 49.

அளவைப் பற்றியும் ஒரு சொல். பெயரைக் கேட்டு அளவை ஊகிக்கக் கூடாது என்பதை நாம் தரும் விளக்கத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும். கலிபோர்னியா மேலவைத் தொகுதி ஒன்றில் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர். எங்கள் வட மாகாணம் முழுவதும் 2012 கணக்கெடுப்பில் பத்து இலட்சத்தைச் சற்றுத் தாண்டியதுதான். அவ்வளவு பேருக்கும் அங்கே ஒரே ஒரு மேலவை உறுப்பினர். நியூ ஹாம்ப்ஷயரிலோ 2020 கணக்கெடுப்பின்படி பதினான்கு இலட்சத்துக்கும் குறைவான மக்களுக்குக் கீழவையில் 400 பேர், அதாவது ஓர் உறுப்பினருக்கு 3,400 பேர் அளவில். அது எங்கள் பிரதேச சபை வட்டாரத்தின் பருமன். 'வட்டாரம்' என்ற சொல்லை அதற்குக் கொடுக்கலாமா என்று ஓர் இரவு யோசித்தேன். வேண்டாம். அது உள்ளூராட்சிக்கு உரிய சொல், அங்கேயே இருக்கட்டும்.

இனி அவைகளின் பெயர். இதில் நான் ஒன்றை விரும்பி முன்வைக்கிறேன். 1947 முதல் 1971 வரை இலங்கையில் செனற் சபை இருந்தது. அதை எங்கள் எழுத்தில் 'மூதவை' என்றும் சொன்னார்கள். கீழே இருந்தது 'பிரதிநிதிகள் சபை'. மூதவை அழகான சொல். செனற் என்பதன் இலத்தீன் வேரும் முதியவரைத்தான் குறிக்கிறது. மேலவை என்றால் மேல், கீழ் என்ற படிநிலை வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு 1986இல் கலைக்கப்பட்ட தங்கள் மேலவையும் நினைவுக்கு வரும். அதில் ஆசிரியர் தொகுதி, பட்டதாரித் தொகுதி என்று இருந்தன. அமெரிக்க மாநிலங்களில் இரு அவையும் மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வன. ஆகவே 'மூதவைத் தொகுதி' என்று எழுதுவோம். எங்கள் பழைய மூதவையின் 30 பேருக்கும் தொகுதியே இருக்கவில்லை, பாதிப் பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது, பாதிப் பேரைப் பிரித்தானிய முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி நியமித்தார். அதனால் 'மூதவைத் தொகுதி' என்ற சேர்க்கை தமிழில் புதிது, பழைய பொருளோடு மோதாது.

கீழவைக்கு ஒரே பெயர் சரிவராது. சில மாநிலங்களில் பேரவை, பலவற்றில் பிரதிநிதிகள் சபை, வேர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் மேற்கு வேர்ஜீனியாவிலும் பேராளர் சபை. பொதுவாகச் சொல்லும் இடத்தில் 'கீழவைத் தொகுதி', குறிப்பிட்ட மாநிலத்தைச் சொல்லும் இடத்தில் அதன் பெயர். நெப்ராஸ்கா மட்டும் தனி. அங்கே 1937 முதல் ஒரே அவை, 49 உறுப்பினர்கள், ஆனால் அவர்களைச் செனட்டர் என்றே அழைக்கிறார்கள். அங்கே 'மூதவை உறுப்பினர்' என்று எழுதினால் பிழை. 'சட்டமன்ற உறுப்பினர், செனட்டர் என்ற பட்டம் உடையவர்' என்று விளக்கி விடுவோம்.

ஆட்களுக்கு வருவோம். 'சட்டவாக்குநர்', 'சட்டமியற்றுநர்' என்று இரண்டு வந்தன. சட்டவாக்கம் என்ற சொல் எங்கள் பாடநூல்களில் ஊறிப்போனது, ஆகவே சட்டவாக்குநர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவர் சட்டம் செய்யும் வேலையைப் பற்றிப் பேசும் இடத்துக்கு மட்டும். அவர் ஓர் ஊரின் ஆள் என்று பேசும்போது 'சட்டமன்ற உறுப்பினர்' அல்லது 'தொகுதி உறுப்பினர்'. முல்லைத்தீவுச் சந்தையில் யாரும் சட்டவாக்குநர் வந்தார் என்று சொல்லமாட்டார்கள், 'எம்பி வந்தவர்' என்பார்கள். அந்த நெருக்கம் உறுப்பினர் என்ற சொல்லில் கொஞ்சமாவது இருக்கிறது. இன்னொன்று, வன்னிக்கு 6 எம்பிக்கள் என்பதால் 'எங்கட எம்பி ஆர்?' என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கட்சிக்கு வாக்களித்து அதன் பட்டியலில் விரும்பியவர்களையும் குறிக்கும் விருப்பு வாக்கு முறையில் ஒருவரும் ஓர் ஊருக்கென்று பொறுப்பில்லை. குளக்கட்டு உடைந்தால் ஆறு கதவையும் தட்ட வேண்டும். 'தொகுதி உறுப்பினர்' என்று எழுதும்போது, இந்தத் தெருவுக்கு இந்த ஆள் என்ற அந்தப் பொறுப்பு மாணவருக்கு விளங்க வேண்டும் என்பது என் ஆசை.

எல்லையைத் திரும்ப வரைவதற்குத் தமிழ்நாட்டில் 'தொகுதி மறுவரையறை', இங்கே 'எல்லை மீள்நிர்ணயம்'. இரண்டும் நல்லவை, இரண்டையும் பதிவோம். கட்சிக்கு வாய்ப்பாக எல்லையை வளைப்பதற்கு (1812இல் மசாசூசெட்ஸ் ஆளுநர் ஜெரியின் காலத்தில் 'ஜெரிமாண்டரிங்' என்று பெயர் பெற்ற வேலை) 'எல்லைச் சூது' என்று முன்வைக்கிறேன். சூது என்பதில் ஆட்டமும் வஞ்சனையும் இரண்டும் உண்டு.

மினசோட்டாவில் ஒரு சிக்கல் மிச்சம். 67 மூதவைத் தொகுதிகள், ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து 134 கீழவைத் தொகுதிகள். 12ஏ, 12பி என்று பெயர். இதை 12அ, 12ஆ என்று மாற்றலாமா, அல்லது வாக்குச்சீட்டில் இருப்பதை ஒலிபெயர்த்து 12ஏ என்றே விடலாமா? அங்கே வாக்களிக்கும் நம்மவர் தன் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் நான் 12ஏ பக்கம் சாய்கிறேன். மினியாப்பொலிஸில் இருக்கும் தங்கச்சி இதற்கு ஒரு பதில் எழுத வேண்டும். வரும் திங்கள் வகுப்புக்கு முன் கிடைத்தால் குறிப்பைத் திருத்தி அச்செடுத்துவிடுவேன், அந்த மாணவிக்கு முதல் பிரதி.