கலைச்சொல்: மின்பகுளிக்குப் பதில் அயனிக்கடவு

> மின்பகுளி பள்ளிப் பாடநூலில் ஊன்றிவிட்ட சொல். எரிகலத்துக்கென்று இன்னொன்று எதற்கு?

வணக்கம் ஐயா.

உப்புநீருக்கு மின்பகுளி (எலக்ட்ரோலைட்) என்ற சொல் இருக்கட்டும். வாலிநோக்கம் உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின், மறுமுனையில் ஹைட்ரஜன் கிளம்பும். பகுபடுவது கண்ணுக்கே தெரியும். ஃபாரடே 1834-இல் எலக்ட்ரோலைட் என்று பெயர் வைத்ததும் இப்படிப் பகுபடும் பொருளுக்குத்தான்.

எரிபொருளையும் காற்றையும் கொண்டு மின்சாரம் தரும் திண்ம ஆக்சைடு எரிகலத்தில், இரு முனைகளுக்கும் நடுவே மின்பகுளியின் இடத்தில் இருப்பது பீங்கான்: 8 மோல் விழுக்காடு இட்ரியா கலந்த சிர்கோனியா. நான்கு மின்னேற்றமுள்ள சிர்கோனியத்தின் இடத்தில் மூன்றேற்ற இட்ரியம் உட்காருவதால், இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சைடு இடம் காலியாகிறது. 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆக்சைடு அயனிகள் அந்தக் காலி இடங்களில் தாவித் தாவிக் காற்றுப் பக்கத்திலிருந்து எரிபொருள் பக்கம் போய்ச் சேர்கின்றன. பீங்கான் பகுபடுவதே இல்லை. பகுபட்டால் கலம் போயிற்று!

இதற்கு "அயனிக்கடத்தி" எனலாம் என்று குழுவில் அக்கா ஒருவர் சொன்னதை நெடுநேரம் யோசித்தேன். காற்றுமுனையில் பூசும் லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் கோபால்ட் ஃபெரைட்டும் அயனியைக் கடத்துகிறது, கூடவே எலக்ட்ரானையும் கடத்துகிறது. அப்போது இரண்டுக்கும் ஒரே பெயராகிவிடும். நடுப்படலத்தின் சிறப்பே அது தடுப்பதில்தான் இருக்கிறது. எலக்ட்ரான் அதன் வழியே போகக்கூடாது, வளியும் கசியக்கூடாது.

அதனால் என் பரிந்துரை அயனிக்கடவு. வேலியில் ஆள் நுழைய விடும் இடைவெளிக்குக் கடவு என்ற பெயர் உண்டு. ஆள் போகலாம், மாடு போகாது. தடையும் வழியும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

சோதனைச் சாலையிலும் இது கைகொடுக்கும். நிக்கல் ஆக்சைடும் சிர்கோனியாவும் கலந்த தாங்குதட்டின் மேல் கடவைப் பூசி, இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 1400 டிகிரியில் சுடுகிறோம். இரண்டும் ஒரே அளவில் சுருங்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு வளையும், கடவில் விரிசல் விழும். பிறகு உலையில் ஏற்றி ஹைட்ரஜன் விட்டால் பச்சை நிற நிக்கல் ஆக்சைடு சாம்பல் நிற நிக்கலாகும். மின்சுமை ஏற்றும் முன்பு பார்ப்பது திறந்த சுற்று மின்னழுத்தம். 800 டிகிரியில், சற்றே ஈரமூட்டிய ஹைட்ரஜனுக்கு 1.1 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். நன்றாகக் குறைந்தால், சுற்றியுள்ள அடைப்பில் கசிவில்லை என்று உறுதி செய்துகொண்டு, "கடவில் ஓட்டை" என்று எழுதிவிடலாம். "மின்பகுளியில் ஓட்டை" என்று படிக்கும் மாணவர் மனத்தில் திரவம்தான் வரும்.

வேற்றுமை உருபும் இடறவில்லை: கடவின் தடிப்பு, கடவுக்கு மேல், கடவோடு.

காரைக்குடி மின்வேதியியல் நண்பர்களும் மண்டபத்தில் கடல்நீரால் உலோகம் அரிபடுவதை ஆராயும் பிரிவில் இருப்போரும் மறுப்பிருந்தால் எழுதுங்கள். கலங்களை இணைக்கும் உலோகத் தகட்டிலிருந்து குரோமியம் ஆவியாகிக் காற்றுமுனையைக் கெடுப்பதற்கு "நஞ்சேற்றம்" போதுமா என்பதைத் தனி இழையில் கேட்கிறேன்.

மண்டபத்திலிருந்து,
உங்கள் நண்பன்