‘பறக்கும் சுறா’ எங்கிருந்து வந்தது?

கூர்நோக்கு:
ஜெர்மனியின் ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டூரெட் (தன் கட்டுப்பாடின்றி உடல் வெட்டுவதும் ஒலியெழுப்புவதுமான நரம்புக் கோளாறு) நோயாளிகளைப் பார்த்துவரும் கிர்ஸ்டன் முல்லர்-வால் குழுவினரிடம், 2019-க்குப் பிறகு திடீர் உடல்வெட்டும் கூச்சலுமாக இளையோர் பலர் வரத் தொடங்கினர். அவர்கள் கத்தியவை ‘பறக்கும் சுறாக்கள்’, ‘நீ அசிங்கமாக இருக்கிறாய்’ போன்றவை. அவ்வாண்டு பிப்ரவரியில் தொடங்கிப் பெரும்புகழ் பெற்ற யூடியூப் சேனல் ஒன்றில், டூரெட் உள்ள இளைஞர் கத்தும் அதே சொற்கள்! ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே சுறாவைக் கத்தினால், கைபேசியைத் தவிர வேறெதைக் குற்றம் சொல்வது?

மாலைநிலா:
சொற்கள் அங்கிருந்து வந்தன என்பதில் ஐயமில்லை. துன்பமும் அங்கிருந்தே வந்தது என்பதைத்தான் ஏற்க இயலவில்லை. 1962-இல், இன்றைய தான்சானியாவின் கஷாஷாவில், மூன்று மாணவியரிடம் தொடங்கிய அடக்கவொண்ணாச் சிரிப்பு பள்ளியையே மூட வைத்தபோது எந்தத் திரை இருந்தது? அந்தச் சேனலைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்க, நோய்ப்பட்டவர்கள் மிகச் சிலரே. அவர்களில் பலருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ முன்பே இருந்தது. பெருந்தொற்றுக் காலத் தனிமையும் சேர்ந்துகொண்டது.

கூர்நோக்கு:
கஷாஷா என் வாதத்திற்கே வலுச் சேர்க்கிறது. அந்தச் சிரிப்பு, வீடு திரும்பிய மாணவியரோடுதான் அடுத்த ஊர்களுக்குச் சென்றது; இன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாலும் இத்தகைய தொற்று கைபேசி வழியே உள்ளே வந்துவிடுகிறது. உண்மையான டூரெட் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள், கண்சிமிட்டலாக மெல்லத் தொடங்கும், ஆண்பிள்ளைகளிடமே மிகுதி. பெருந்தொற்றின்போது பல நாடுகளில் வந்த புதிய நோயாளிகளோ பெரும்பாலும் பதின்ம வயதுப் பெண்கள். ஓரிரு நாளில் உச்சத்தைத் தொட்டவர்கள். ‘இது டூரெட் அன்று’ என்று மருத்துவர் சொன்னதுமே ஹனோவரில் சிலருக்கு முற்றிலும் நின்றுபோனது. இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

மாலைநிலா:
நடிப்பு என்று மட்டும் வைக்க மாட்டேன், நீங்களும் அதைச் சொல்லத் தயங்குவது தெரிகிறது. சரியான விளக்கம் கிடைத்ததும் உடல் தளர்வதுண்டு. அதனால் முன்பு பட்ட வேதனை பொய்யாகிவிடாது.

வகுப்பறை:
நான் ஆசிரியை. என் மாணவி ஒருத்திக்கு நிமிடத்திற்கு நாலைந்து முறை தலை வெட்டும். எல்லாரும் திரும்பிப் பார்த்தால் இன்னும் கூடும். கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட அழைத்தேன். விடை எழுதி முடிக்கும்வரை ஒருமுறைகூட வெட்டவில்லை; சுண்ணக்கட்டியை வைத்த கணமே மீண்டும் தொடங்கியது, அவள் கண்ணில் நீர் முட்டியது. அதை நடிப்பென்று என்னால் சொல்ல முடியாது.

கூர்நோக்கு:
நடிப்பென்ற பேச்சை நான் எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் தன் தலைவெட்டைத் தானே படம்பிடித்துப் பதிவேற்றி, வரும் லைக்குகளை எண்ணிக்கொண்டிருந்தால், வகுப்பில் திரும்பிப் பார்த்தவர்கள் செய்ததைத்தானே அந்தத் திரையும் செய்யும்?

மாலைநிலா:
செய்யும்; அதை மறுக்கவில்லை. அத்தகைய காணொளிகளைத் தவிர்க்கச் சொல்வது சிகிச்சையிலும் உண்டு. மருத்துவர் பக்குவமாகச் சொன்னால் அவள் கேட்கக்கூடும். வீட்டில் கைபேசியை வெடுக்கென்று பிடுங்கினால், முன்பிருந்த பதற்றத்தோடு சண்டையும் சேரும்.