மாமியாருக்கு மதியப் பொழுது போகவில்லை, வீட்டில் கிடக்கும் பொருளை வைத்து என்ன செய்யலாம்?

சிப்புட் மருமகள் கேட்டது:

வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். என் மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மத்தியானம் பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அப்புறம் சமையல், கோழி, காய்கறிப் பாத்தி என்று உட்காராமல் இருந்த ஆள். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்த பிறகு எங்களோடு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலி, சர்க்கரை, ஒரு கண்ணில் புரை. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்வரை சுறுசுறுப்பாக இருப்பார், அதன் பிறகு டிவி முன்னால் உட்கார்ந்தால் மாலைவரை அப்படியேதான், பாதி நேரம் தூங்கி வழிந்துவிட்டு இரவில் தூக்கம் வராமல் நடமாடுவார்.

நாத்தனார் ஒரு கலர் அடிக்கும் புத்தகம் வாங்கி வந்தார். "நான் என்ன பாலர் பள்ளிப் பிள்ளையா" என்று அம்மா அதை ஓரமாக வைத்துவிட்டார். அது நியாயம்தான். பக்கத்து வீட்டுப் பாட்டிகள் இரண்டு மூன்று பேர் மதியம் வந்து கார் நிறுத்தும் இடத்தில் உட்காருவார்கள், அவர்களும் சேர்ந்து செய்கிற மாதிரி, கடையில் எதுவும் வாங்காமல், வீட்டில் இருப்பதை வைத்தே ஏதாவது சொல்லுங்கள். தரையில் உட்காரவே முடியாது, அதையும் மனதில் வையுங்கள்.

பழைய லயத்துப் பிள்ளை:

அக்கா, முட்டை அட்டை இருக்கிறதா? முப்பது முட்டை வரும் அட்டையில் ஒரு வரிசைக்கு ஆறு குழி. இரண்டு வரிசையை வெட்டி எடுத்து, மிச்சத்திலிருந்து இரண்டு குழியை நறுக்கி ஓரத்தில் ஒட்டிவிட்டால் பக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினான்கு குழி, பல்லாங்குழி தயார். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக 70. மேசை மேல் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தே ஆடலாம். நாலு சேர்ந்தால் பசு என்று அள்ளிக்கொள்வது, கடைசிக் கொட்டை விழுந்த பிறகு வெற்றுக்குழியைத் தடவி அடுத்த குழியை எடுப்பது, இதையெல்லாம் நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்கள்தான் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். பக்கத்தில் மலாய் மக்சிக் (மலாய்க்கார அம்மா) யாராவது இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள், பல்லாங்குழி மாதிரியான சொங்காக் ஆடியவருக்கு இது புதிதில்லை, அவர்கள் கணக்கில் பெரும்பாலும் குழிக்கு ஏழு.

தாயமும் நல்லது. நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் சிமெண்டில் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டால் போதும், ஒன்று வெள்ளை விழுந்தால் தாயம், நாலும் கறுப்பானால் எட்டு, இது எங்கள் வீட்டுக் கணக்கு. கட்டத்தைப் பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெரிதாகப் போடுங்கள், கண் புரைக்கு அது உதவும். காய்க்குப் பாட்டில் மூடி. என் ஆத்தா தாயம் ஆடும்போது அடுத்தவர் காயை வெட்டப் பத்து நிமிடம் யோசிப்பார், அந்த யோசனையையும் சண்டையையும் எந்த டிவியாலும் தர முடியாது. முக்கியமாக, அவரை ஜெயிக்க விடுவதற்காக யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கண்டுபிடித்துவிடுவார்கள், அதோடு ஆட்டம் முடிந்தது.

ஓய்வுபெற்ற தாதி:

தம்பி சொன்னது மூளைக்கும் விரலுக்கும் சரி. உடம்பும் அசைய வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையையும் தசை வலுவையும் வளர்க்கும் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறது. அதற்கு ஜிம் வேண்டியதில்லை அம்மா.

பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமான பலூன் ஒன்றை ஊதி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கீழே விழாமல் ஒருவர் மாற்றி ஒருவர் தட்டச் சொல்லுங்கள். மெதுவாகத்தான் வரும் என்பதால் வயதானவர் கைக்கு அது எட்டும், தோள் தானாக உயரும், சிரிப்பு வராமல் இருக்காது. தோள் வலிக்கிறவருக்கு நாளிதழைச் சுருட்டி மட்டை மாதிரி கொடுங்கள். தண்ணீர் பாட்டில்களைக் கால்வாசி நிரப்பி நிறுத்தி, சுருட்டிய காலுறையை உருட்டிவிட்டு விழவைக்கலாம். பழைய துவாலையை இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குவது மணிக்கட்டுக்கு நல்லது, ஆண்டுக்கணக்கில் பால்வெட்டும் உளி பிடித்த கைக்கு இது தேவை. கொடிக்கயிற்றை நெஞ்சுயரத்தில் கட்டித் துணிக் கிளிப்புகளை மாட்டிக் கழற்றச் சொன்னால் விரல் நுனிக்குப் பலம் வரும்.

சக்கரம் வைத்த நாற்காலியும் பிளாஸ்டிக் ஸ்டூலும் கூடாது. முதுகு சாய்கிற நாற்காலி, முடிந்தால் சுவரை ஒட்டி, இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். வாசல் டைல்ஸ் ஈரமாக இருந்தால் அன்றைக்கு ஆட்டம் உள்ளே. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்காரவிடாதீர்கள். தலைசுற்றல் என்றால் உடனே நிறுத்தி கிளினிக்குக்குப் போங்கள், நெஞ்சு அடைப்பு என்றால் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். பலூன் வெடித்தால் துண்டுகளை அப்போதே பொறுக்கிவிடுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சிப்புட் மருமகள்:

இருவருக்கும் நன்றி. துவாலை முறுக்குவது இன்றைக்கே ஆரம்பிக்கலாம். இன்னொன்று கேட்க வேண்டும். வருகிற பாட்டிகளில் ஒருவருக்கு மறதி அதிகம், ஆட்டத்தின் விதி நினைவில் நிற்காது, சில நேரம் கையில் இருப்பதை வாயில் வைத்துவிடுகிறார். அவரை ஒதுக்கி வைக்க மனசு வரவில்லை. அப்புறம், ரப்பர் கொட்டை கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறோம், புளியங்கொட்டைக்குப் பதிலாக அது ஆகுமா?

ரவாங் மகள்:

என் அம்மாவுக்கும் மறதி நோய் என்பதால் சொல்கிறேன், அந்தப் பாட்டி இருக்கும்போது ரப்பர் கொட்டையை வெளியே எடுக்கவே வேண்டாம். பச்சையாகக் கடித்தால் உள்ளே சயனைடு உண்டாகும். குன்றிமணி அதைவிட மோசம், மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, அது வீட்டில் இருந்தாலே தூக்கிப் போடுங்கள். புளியங்கொட்டையும் தொண்டையில் சிக்கும். அவருக்குப் பெரிய பொருளாகக் கொடுங்கள்.

விதி உள்ள ஆட்டம் அவருக்கு வேண்டாம், கைக்குப் பழகின வேலை வேண்டும். என் அம்மாவுக்கு என் பெயர் சில நாள் வராது, ஆனால் துணி மடிக்கக் கொடுத்தால் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் நீவி, நான் மடிப்பதைவிட அழகாக மடித்து அடுக்குவார். தினமும் கிழிக்கும் நாள்காட்டித் தாள்களைச் சேர்த்து வைத்து விபூதிப் பொட்டலத்துக்கு மடிக்கக் கொடுங்கள், கோயிலில் வாங்கிக்கொள்வார்கள். பழைய கைலியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக் கொடுத்தால் சடை பின்னுவார், சடை நீளமானதும் அதைச் சுருட்டி உங்கள் மாமியார் தைத்தால் கால்மிதி ஆகிவிடும். இப்படி இருவரும் ஒரே வேலையில் இருப்பார்கள், ஒருவர் ஆடி இன்னொருவர் வேடிக்கை பார்க்கிற நிலை வராது. மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தால் திருத்தாதீர்கள். எவர்சில்வர் தட்டில் அரிசிமாவைப் பரப்பி விரலால் கோலம் போடவும் சொல்லலாம், எவர்சில்வருக்குப் பதில் கறுப்புத் தட்டாக இருந்தால் கண் மங்கலானவருக்கும் கோடு எடுப்பாகத் தெரியும்.

பின்னால் மின்னல் எஃப்எம் வானொலியில் பழைய பாட்டு ஓடட்டும். ஆனால் பேசும்போது அதை நிறுத்திவிடுங்கள், இரண்டு சத்தம் சேர்ந்தால் மறதி உள்ளவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

பழைய லயத்துப் பிள்ளை:

ரவாங் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தென்னங்குருத்து கிடைத்தால் தோரணம் பின்னக் கொடுங்கள். எங்கள் தாமான் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கடையில் வாங்கும் தோரணத்தைவிட பாட்டிகள் பின்னியதுதான் வாசலில் தொங்கும், யார் பின்னியது என்று கேட்டு ஆட்கள் வந்து பேசுவார்கள். தோட்டத்தில் அத்தனை வருடம் உழைத்தவர்களுக்குச் சும்மா பொழுதுபோக்கு என்று கொடுத்தால் பிடிக்காது, செய்தது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும்.

மருமகள் அக்கா, ரப்பர் கொட்டையை அந்த மறதிப் பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் இல்லாத நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆடி முடிந்ததும் எண்ணிப் பார்த்து மூடி போட்ட மைலோ டின்னில் எடுத்து வைத்துவிடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அறைந்து எது உடைகிறது என்று பார்க்கும் ஆட்டம் அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், பெரிய பேரன்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி:

சமூகநல இலாகாவின் ஆதரவில் நடக்கும் மூத்தோர் நடவடிக்கை மையம், பாவே என்பார்கள், உங்கள் வட்டாரத்தில் இருக்கிறதா என்று இலாகா அலுவலகத்தில் கேளுங்கள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் போகலாம். மறதி உள்ள பாட்டியின் பிள்ளைகளிடமும் பேசி, கிளினிக்கில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். பொருளை வாயில் வைக்கிறார் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.