ஈயம் கலந்த சால்டருக்கு சால்டரிங் அயர்னை எத்தனை டிகிரியில் வைப்பது?

வணக்கம் நண்பர்களே. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள சால்டரிங் ஸ்டேஷன் (மின்னணு பாகங்களை போர்டில் பற்றவைக்கும் கருவி) ஒன்று வாங்கியிருக்கிறேன். இதுவரை சுவிட்ச் போட்டால் சூடாகும் சாதாரண அயர்ன்தான் வைத்திருந்தேன், அதனால் எண்ணைப் பற்றி யோசித்ததே இல்லை.

என்னிடம் இருப்பது 60/40 சால்டர் (60% வெள்ளீயம், 40% ஈயம்), நடுவில் ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) உள்ள 0.8 மி.மீ. கம்பி. இது 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்து 190 வாக்கில் முழுதாக உருகிவிடும் என்று தெரியும். டிப்பின் (அயர்ன் முனையின்) சூடு பேடுக்கும் (போர்டில் பாகத்தின் கால் ஒட்டும் செம்புப் பகுதி) காலுக்கும் போகும்போது குறைந்துவிடுவதால் அதைவிட நிறைய கூட்டி வைக்க வேண்டும் என்பதும் புரிகிறது. எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் குழப்பம்.

320-இல் ரெசிஸ்டர் கால்கள் அழகாகப் பிடிக்கின்றன. ஈயம் காலைச் சுற்றி வழிந்து பளபளவென்று உட்காருகிறது, இரண்டு மூன்று விநாடிதான். ஆனால் அகலமான கிரவுண்ட் (சர்க்யூட்டின் பொது இணைப்பு) செம்புப் பரப்போடு சேர்ந்த காலில் அதே சூட்டில் ஈயம் ஒட்டாமல் உருண்டையாக நிற்கிறது. சரி என்று 400-க்கு ஏற்றினேன். ஃபிளக்ஸ் உடனே புகைந்து போனது, டிப் கறுத்துவிட்டது, பக்கத்தில் ஒரு சின்ன பேடு போர்டிலிருந்தே பெயர்ந்து வந்துவிட்டது. மனசு கஷ்டமாகிவிட்டது.

இப்போது இருப்பது கூர்மையான ஊசி டிப். சூட்டை 350-க்கு மேல் ஏற்றாமல் உளி வடிவ டிப்புக்கு மாறினால் போதுமா? கிரவுண்ட் காலுக்கு நீங்கள் எத்தனை டிகிரி வைக்கிறீர்கள், எத்தனை விநாடி பிடிக்கிறீர்கள்? அப்புறம், கறுத்த டிப்பை மீட்க வழி உண்டா?