வலப்பக்கம் புரண்டால் தலை சுற்றுகிறது, காதில் கோளாறாம்?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 63 வயது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே வீடே சுற்றுகிறது என்கிறார். அரை நிமிடத்தில் நின்றுவிடும், அப்புறம் குமட்டல். பிரஷர், சுகர் சரியாக இருக்கிறது. டாக்டர் காதுப் பிரச்சினை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் தெருமுனையில் கீரைக்காரம்மா குரல் கொடுத்தால் அடுப்படியிலிருந்தே அம்மாவுக்குக் கேட்கும். அப்படியிருக்கக் காதில் என்ன கோளாறு?

செவிச்செல்வி:
நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறனையும் சமநிலையையும் சோதிக்கும் நிபுணர். உள்காதுக்கு இரண்டு வேலை. நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்லியா கேட்பதற்கு. அதை ஒட்டிய மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் சமநிலைக்கு. இரண்டு பகுதியிலும் அசைவை உணர்வது மயிரிழைச் செல்கள்தான், மூளைக்குச் செய்தி போவதும் எட்டாவது நரம்பு வழியாகத்தான். ஆனாலும் ஒன்று கெட்டால் மற்றதும் கெடும் என்றில்லை.

பைகளில் ஒன்றான யூட்ரிக்கிளில், பசை போன்ற படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் இருக்கும். தலை சாய்வதையும் வண்டி வேகமெடுப்பதையும் நாம் உணர்வது இவற்றின் எடையால்தான். வயதாகும்போது சில துகள்கள் கழன்று, பெரும்பாலும் பின்பக்கக் குழலுக்குள் போய்விடும். அம்மா புரண்டதும் அவை சரிந்து அங்குள்ள திரவத்தைத் தள்ளும். தலை அசையாமல் இருக்கும்போதும் ‘சுற்றுகிறோம்’ என்று அந்தக் காது மட்டும் சொல்லும். துகள் அடியில் தங்கியதும் சுற்றல் நிற்கும். இதைப் பிபிபிவி என்போம்.

டிக்ஸ்-ஹால்பைக் சோதனை செய்தார்களா? தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்ப்போம். சில நொடிகளில் கருவிழி சுழன்று துடிக்கும். காதுக்குள் துகள் நகர்வதைக் கண்ணில் பார்க்கிறோம், எனக்கு இது இன்றும் வியப்புதான். அப்படித் தெரிந்தால் அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறையில், தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை யூட்ரிக்கிளுக்கே அனுப்பிவிடலாம். சில நிமிட வேலை. மாத்திரை குமட்டலைக் குறைக்கும், துகளை நகர்த்தாது. மாதக்கணக்கில் மாத்திரை மட்டும் விழுங்கிவிட்டு வருபவர்களைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

மலைக்கோட்டை:
மேடம், என் மாமாவுக்கு மணிக்கணக்கில் சுற்றுகிறது. இடது காதில் இரைச்சல், அடைத்த மாதிரியும் இருக்கிறதாம். யூடியூப் பார்த்து எப்லி செய்யலாமா?

செவிச்செல்வி:
வேண்டாம். இது மெனியர் நோயாக இருக்கலாம். அதில் உள்காதுத் திரவம் மிகுந்து, கேட்பதும் சமநிலையும் சேர்ந்தே பாதிக்கப்படும். இஎன்டி டாக்டரிடம் காட்டி, ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுங்கள். யாருக்காக இருந்தாலும் தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

வைகைக்கரை:
நன்றி மேடம். அந்தச் சோதனை செய்யவில்லை. அம்மாவுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு. பரவாயில்லையா?

செவிச்செல்வி:
முன்பே சொல்லிவிடுங்கள். கழுத்தை அதிகம் வளைக்காமல் பக்கவாட்டில் சாய்த்துச் செய்யவும் வழி இருக்கிறது. செய்யும்போது ஒருமுறை நன்றாகவே சுற்றும், அம்மா பயந்துவிடக் கூடாது. தனியாக பஸ்ஸில் அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.