புதுப்பிப்பு: சிம்கோ ஏரியில் செப்டம்பர் கடைசி

கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள சிம்கோ ஏரியின் குக்ஸ் பே விரிகுடாவில், பாசிப் பரப்பில் (தண்ணீருக்கடியில் வளரும் செடிகள்) பெர்ச் மீன் பிடிப்பதைப் பற்றி ஆகஸ்டில் எழுதியிருந்தேன். "அதே இடத்தில் இப்போது ஒன்றுமே கடிக்கவில்லையே" என்று பலர் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

மீன் எங்கும் போய்விடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இரவுக் குளிரில் மேல்தண்ணீர் ஆறுகிறது, பாசி பழுத்துச் சாய்கிறது. அழுகும் பாசி ஆக்ஸிஜனைத் தின்றுவிடும் என்பதால் பழுப்பான இடத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். இன்னும் பச்சையாக நிற்கும் திட்டுகளின் வெளி ஓரத்தைத் தேடுங்கள். பெர்ச் அங்கேதான் கூட்டமாகத் திரியும். ஒன்று கடித்தால் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.

நான் போடுவது டிராப் ஷாட் என்ற தூண்டில் அமைப்பு. ஈயம் அடியில், முள் அதற்கு ஒரு சாண் மேலே, சின்ன பிளாஸ்டிக் புழு. ஆட்டவே தேவையில்லை, படகு அசைவதே போதும்.

ஸ்மால்மவுத் பாஸ் மீன் வேண்டுமென்றால் பாறைத் திட்டுகளுக்குப் போங்கள். லேசான காற்றும் அலையும் உள்ள பக்கம் நல்லது. இதே ஏரியின் இன்னொரு விரிகுடாவான கெம்பன்ஃபெல்ட் பே 40 மீட்டருக்கு மேல் ஆழம். அங்கே தண்ணீர் மேலும் கீழும் கலப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது, அதனால் தண்ணீர் கலந்து மீன் சிதறிவிடுமோ என்ற கவலை இப்போது வேண்டாம்.

அப்புறம், எத்தனை பெர்ச் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள்: மீன்பிடி உரிமத்தில் இரண்டு வகை உண்டு, ஸ்போர்ட் உரிமத்துக்கு 50, வரம்பு குறைந்த கன்சர்வேஷன் உரிமத்துக்கு 25. உயிர் இரை வாங்கினால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், அதிகாரி கேட்பார்.