புதுப்பிப்பு: ஸ்கூட்டர் உதறல் கிட்டத்தட்ட நின்னுடுச்சு

போன மாசம் கேட்டிருந்தேனே, காட்பாடி மேம்பாலத்து நெரிசல்ல நின்னு நின்னு எடுக்கும்போது வண்டி உதறுது, ஏலகிரி ஏத்தத்துல இழுவையே இல்லைன்னு. பெல்ட் மட்டும் மாத்தி ஒரு கடையில காசு வாங்கினாங்க, ஒண்ணும் மாறல.

இப்போ சத்துவாச்சாரியில ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட கிக்கர் பக்க மூடியைக் கழட்டச் சொன்னேன். வேகத்துக்கு ஏத்த மாதிரி பெல்ட்டை ஏத்தி இறக்குற உருளைங்கதான் ரோலர். ஆறு ரோலர்ல நாலு உருண்டையாவே இல்ல, ஒரு பக்கம் சோப்புக்கட்டி மாதிரி தேஞ்சு சப்பையா இருந்துச்சு. அது சரியா உருளாததால பெல்ட் மேல ஏறுறதும் இறங்குறதும் தடுமாறியிருக்கு. இன்ஜின் இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கொடுக்கிற கிளட்ச் ஷூ கண்ணாடி மாதிரி பளபளன்னு வழுக்குச்சு. ஷூவையும், அது பிடிக்கிற கிண்ணத்தோட உள்பக்கத்தையும் உப்புத்தாள்ல லேசா தேய்ச்சார். தூசியை ஊதாம ஈரத்துணியால துடைச்சார், அது மூச்சுக்கு ஆகாதாம்.

எடை கம்மியான ரோலர் போடச் சொன்னீங்க. போடல. அதைப் போட்டா இன்ஜின் எப்பவும் அதிக சுத்துல ஓடும், இழுவை கிடைக்கும், ஆனா பெட்ரோல் குடிக்கும். தினம் ஆபீஸ் போற வண்டிக்கு அது வேண்டாத வேலை. பழைய எடையிலேயே புதுசு போட்டாச்சு.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரம்மாவைப் பின்னாடி வெச்சு ஏலகிரியோட 14 வளைவும் ஏறினேன். ஒன்பதாவதுல வேணும்னே நிறுத்தி எடுத்தேன். வெண்ணெய் மாதிரி அலுங்காம கிளம்புச்சு! காலையில முதல் தடவை எடுக்கும்போது மட்டும் இன்னும் லேசா ஒரு நடுக்கம் இருக்கு. கிளட்ச் ஸ்பிரிங்கா இருக்குமோ?